திருட்டுக்கு வந்த பஞ்சம்

"ரெண்டு வாரமா உங்க பையன் திருடவே வரல அக்கா, இது நியாய..."

"மெதுவாப் பேசு! பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். இப்பத்தான் ஒழுங்கா வீட்டோட இருக்கான், அது உனக்குப் பொறுக்கலையா?"

"என் பொழப்பு என்னாகும்னு யோசிச்சீங்களா?"

மூடிக்கிடக்கும் டயர் தொழிற்சாலையின் காவல்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். அக்கா தையல் மிஷினை நிறுத்தவில்லை. தொழிற்சாலை மூடும்வரை அவளும் அங்கேதான் டயர்களுக்கு உறை சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலை போன மறுவாரம் மகன் மதில் ஏறினான். முதலில் செம்புக் கம்பி, அப்புறம் குழாய், கடைசியில் கதவுத் தாழ்ப்பாள்.

"திருட்டே இல்லாத இடத்துக்குக் காவல் எதுக்குன்னு மேனேஜர் கேட்கறாரு. ஒண்ணாம் தேதியோட நின்னுக்கோங்கறாரு."

"வேலி பயிரை மேயும்னு கேள்விப்பட்டிருக்கேன். வேலியே மாட்டைத் தேடி வீட்டுக்கு வந்து இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"சிரிக்காதீங்க அக்கா. என் வீட்டு ஃபேனைக் கழட்டிக் கொண்டுபோய் உள்ள வச்சிருக்கேன். கேட்டைக்கூடத் திறந்துதான் வச்சேன்."

டீ டம்ளரோடு மகன் உள்ளேயிருந்து வந்தான்.

"பாத்தேண்ணே. மோட்டார் எரிஞ்ச ஃபேன். அதைத் தூக்கிட்டுப் போனா காயலான் கடைக்காரன் என்னைக் கேவலமாப் பாப்பான்."

"அடப்பாவி, மறுபடியும் போனியா?" என்றாள் அக்கா.

"சும்மா பாக்கத்தாம்மா போனேன்."

"வந்தவன் ஒரு கண்ணாடியையாவது உடைச்சிட்டுப் போகக் கூடாதாடா?" என்றார் காவல்காரர்.

"கண்ணாடி ஏதுண்ணே? அதெல்லாம் போன வருஷமே வித்தாச்சு. மிச்சம் இருக்கறது அந்த இரும்பு கேட்டு ஒண்ணுதான். வேணும்னா அதைத் தூக்கவா?"

"கேட்டு போனா நான் எங்கடா நிப்பேன்?"

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வேற வேலை தேடேன்ப்பா."

"எங்க இருக்கு? ஊரெல்லாம் அலைஞ்சானே உங்க பையன், கிடைச்சுதா?"

மகன் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

"உன் பையன் என்ன படிக்கிறான்?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"ஒன்பதாவது. ஸ்கூல் விட்டா நேரா வீடு. சுவத்துல பல்லி ஏறினாலே பயப்படற பய."

தையல் மிஷின் நின்றது. காவல்காரர் தொப்பியைத் தலையில் வைத்தார், மறுபடியும் எடுத்தார்.

"அந்த மதிலுக்குள்ள இப்ப ஒண்ணுமே இல்ல. எனக்கு வேலை போன மறுவாரம் என் பையன் எந்த மதிலை ஏறுவான், அக்கா?"