நாற்பத்தொரு கோவா

ஒரு தேசத்தின் பசியைத் தனியொரு மனிதன் தீர்க்க முடியுமா என்னும் கேள்விக்கு, 1974ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், இரத்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு சிற்றூரில் விடை கிடைத்தது. விடை, நாற்பத்தொரு கோவா.

அந்த முட்டைக்கோசுகளை விளைவித்தவர் பதுர்தீன் முதலாளி. ஏலமும் கராம்பும் வாங்கி விற்பவர், பள்ளிவாசலின் தலைமை டிரஸ்டி. அரிசி கிடைக்காமல் ஊரெல்லாம் பாண் ரொட்டிக்குக் கியூவில் நின்ற காலம் அது. வீட்டுத் தோட்டக் காய்கறிக்குக் கண்காட்சி நடத்தப்போவதாகவும், மந்திரி வந்து பரிசு கொடுப்பாரென்றும் அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. ஒரே அளவில் நாற்பது காய் மேசையில் வைக்க வேண்டும் என்பது விதி. அன்றிலிருந்து முதலாளி தம் கோவாப் பாத்தியை 'தேசியப் பணி' என்றே குறிப்பிட்டார். தண்ணீர் ஊற்றியது அவருடைய மனைவி மஸீனா.

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. விட்டுவைத்தால் காய் வெடித்துவிடும். வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, குளிர்ந்த இருட்டு அறையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் ஒரு மாதம் கெடாது. ஆனால் முதலாளியின் வீடு தகரக் கூரை. ஊரிலேயே குளிர்ந்த அறை, தடித்த சுவரும் வடக்குப் பார்த்த பலகணியும் உள்ள, பள்ளிவாசலின் சந்தூக்கு அறைதான். மையித்தை அடக்கத்துக்குத் தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டி அங்கேதான் இருந்தது. ஏழு மாதமாக ஊரில் மௌத்து விழவில்லை. சாவி டிரஸ்டியின் இடுப்பில்.

இருபத்தொன்பது கோவா கூரை வளையில் தொங்கின. அதற்குமேல் இடமில்லை. மிக நேர்த்தியான பன்னிரண்டை முதலாளி சந்தூக்கின் உள்ளே வைக்கோல் பரப்பி அடுக்கி, காற்றுப் போக மூடியைச் சற்றே சாய்த்து வைத்தார். பாங்கு சொல்லும் ஹுசைன் மோதினார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இதெல்லாம் ஜமாஅத்தின் பேருக்குத்தான் என்று முதலாளி விளக்கியதும் வாயை மூடிக்கொண்டார்.

தினமும் லுஹர் தொழுகை முடிந்ததும் முதலாளி அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பழுத்த இலை இருந்தால் உரிப்பார். வெளியே இருந்தவர்களுக்கு அது தெரியாது. மௌத்தை நினைத்து அழுகிறார் என்று பேச்சுப் பரவியது. ஜும்ஆ பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், லெப்பை அவரைப் புகழ்ந்தார். முதலாளியும் தம்மைத்தான் என்று சொல்லாமலே தலைகுனிந்துகொண்டார்.

வீட்டின் பின்னறையில் அவருடைய தங்கை ஸுலைஹா படுத்திருந்தாள். புருஷனை இழந்தவள், பிள்ளையில்லை. வயிற்றில் கட்டி. எதைக் கொடுத்தாலும் குமட்டியது. ஒருநாள் அவளாகவே வாய் திறந்து அண்ணனிடம் கேட்டாள்.

"நானா, ஒரு கோவா தாங்களே. தேங்காப்பால் ஊத்தி ஆக்கினா ரெண்டு வாய் கெழங்கு எறங்கும்."

"கண்காட்சி முடியட்டும் புள்ள. நாப்பது வேணும்."

"நாப்பத்தொண்டு ஈக்கிண்டு மஸீனா மச்சி சொன்னா."

"அது ஒண்டு அழுகினா வெக்கிறதுக்கு."

அவள் அப்புறம் கேட்கவில்லை. ஒன்றும் அழுகவுமில்லை.

பதினாறாம் நாள் பகலில் மோதினார் சந்தூக்கு அறைக் கதவைத் தட்டி, ஸுலைஹா மௌத்தாகிவிட்டாள் என்றார். முதலாளி ஓர் இலையைப் பாதி உரித்திருந்தார். மீதியையும் உரித்துவிட்டு வெளியே வந்தார். கை விரல்கள் ஈரமாயிருந்தன. நெஞ்சில் ஏதாவது வரும் என்று வீடுவரை எதிர்பார்த்துக்கொண்டே நடந்தார். வரவில்லை.

பெண்கள் மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றினார்கள். அஸர் தொழுகைக்கு முன்னே சந்தூக்கு எடுக்க ஆண்கள் பள்ளிக்குப் போனார்கள். முதலாளியும் போனார். சாவி அவரிடம்தானே. கதவு திறந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மோதினார் பெட்டியின் மூடியைத் தூக்கினார்.

"முதலாளி, இதுலயும் ஈக்கி" என்றார் மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த தேர்தலில் டிரஸ்டியாக நிற்க எண்ணியிருந்த நுஹ்மான் மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"மொதல்ல உள்ளுக்கு ஈக்கிறவங்கள எறக்குவம். பொறவு நம்மட மையித்துக்குப் போவம்."

வளையில் தொங்கியவற்றையும் அறுத்தார்கள். கோவாவெல்லாம் பள்ளி விறாந்தையில் கிடந்தன. பெட்டியை இரண்டு தரம் கழுவினார்கள்.

தோளில் சந்தூக்கைச் சுமந்து போகையில் முதலாளிக்குக் கோவா வாடை அடித்தது. பெட்டி கனமாகவே இல்லை. பன்னிரண்டு கோவாவின் கனம்கூட இல்லையே என்று தோன்றியது. அதற்குப் பிறகும் ஒன்றும் வரவில்லை. மண் போடும்போதும் கண் காய்ந்தே இருந்தது. என்ன சபூர், என்ன பொறுமை என்று இரண்டு பேர் அவர் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்து திரும்பிவந்தபோது விறாந்தை வெறுமையாக இருந்தது. மோதினார் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு ஒண்டு கொண்டு போனாங்க, முதலாளி. மௌத்தூட்டுக்கு ஆக்கத்தானாம்."

மௌத்தான வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டுவதில்லை. சாப்பாடு அக்கம்பக்கத்திலிருந்து வரும். அரிசி யாரிடமும் இல்லாததால் அவித்த மரவள்ளிக் கிழங்கு வந்தது. கூடவே எல்லா வீட்டிலிருந்தும் கோவா வந்தது. சுண்டியது, வறுத்தது, பருப்புப் போட்டது. நுஹ்மான் வீட்டிலிருந்து பெரிய சட்டி நிறைய, கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி ஆக்கியது.

மஸீனா அதைப் பீங்கானில் வைத்து அவர் முன்னே தள்ளினாள்.

"இப்பிடித்தான் கேட்டா" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

முதலாளி அதுவரை தம் தோட்டத்துக் கோவாவைத் தின்று பார்த்ததில்லை. கிழங்கைப் பிட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்.

மூன்று தரம் போட்டுக்கொண்டார்.