கரடி முதலில் பார்க்கட்டும்

என் கரடிக்கு முப்பத்து நான்கு உயிர்ப் புள்ளிகள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நகத்தால் அடிக்கும். இரண்டு அடியும் பட்டுவிட்டால், கட்டிப்பிடித்து நொறுக்கும். அந்தப் பிடியில்தான் என் மனைவி செத்துப்போனாள்.

மனைவி என்றால், அவள் ஆடிய வில்லாளி. ஞாயிறு மதியங்களில் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடக்கும் ஆட்டம் அது. கதையை நான் நடத்துவேன். காடு, குகை, மிருகம் எல்லாம் என் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராகப் பேசுவார்கள். அடி விழுமா விழாதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; எண் கூடக் கூட அடி உறுதி. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கோடரிக்காரர். மாடி வீட்டு டீச்சர் வைத்தியர்.

வீட்டில் நான் அதிகம் பேசாதவன். கோபம் ஒன்றும் கிடையாது. சொல்ல நினைப்பது தொண்டைக்கு வருவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டிருக்கும். மனைவியும் கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதை நிறுத்திவிட்டாள். அந்த மேசையில் மட்டும் நான் மணிக்கணக்கில் பேசுவதை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தவள், ஒரு நாள் வந்து நின்று, "எனக்கும் ஒரு ஆள் குடுங்க" என்றாள்.

ஒரு வாரம் யோசித்து அந்த வில்லாளியை உருவாக்கினாள். பாதிக் காது இல்லாதவள். ஆற்றைக் கண்டால் பயம். கரடியைப் பார்த்ததும் எல்லோரும் பின்வாங்க, இவள் மட்டும் வில்லைத் தாழ்த்திக்கொண்டு நேராக அதன் அருகில் போனாள். ஆட்டம் தெரியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டு பகடையை உருட்டினேன். இரண்டு அடியும் பட்டன.

"அவ்ளோதானா?" என்று கேட்டாள். பிறகு, "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளர்களைக் கழுவ எடுத்துப் போனாள். அடுத்த ஞாயிறு அவளுக்குத் துணி மடிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறும்.

குற்றவாளி கரடிதான் என்று முடிவு கட்டினேன். நான் கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். சாப்பாட்டு இடைவேளையில் மேசை ஓரத்தில் பகடையை உருட்டி, அதே சண்டையைத் திரும்பத் திரும்ப நடத்தினேன். கரடியும் நான், மூன்று வீரர்களும் நான். உயிரை இருபதாகக் குறைத்தேன். ஒரு நகத்தைப் பிடுங்கினேன். கட்டிப்பிடிப்பதை எடுத்தேன். அப்புறம் கரடி ஜெயிக்கவே இல்லை. மூன்று வீரர்களும் சொல்லிவைத்தாற்போல ஒழுங்காக நின்று அதைக் கொன்றார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூவரும் நானாக இருந்ததால் அது எனக்கு உறைக்கவில்லை.

மச்சான்தான் தங்கையை மடக்கினார். "ஒரே ஒரு தடவை வா. புடிக்கலைன்னா இனிமே இந்தப் பக்கமே கூப்புட மாட்டோம்."

வந்தாள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். செத்த வில்லாளிக்கு மறுபடி உயிர் கொடுத்து, அதே சண்டையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். குகை வாசலில் கரடி வந்தது. அவள் மறுபடியும் வில்லைத் தாழ்த்திக்கொண்டு அருகில் போனாள். பகடையை உருட்டினேன், ஆட்ட விதிப் புத்தகத்தைச் செங்குத்தாக நிறுத்தி அதன் மறைவில்தான் நான் உருட்டுவது வழக்கம்.

"படலை. உன் தோளை உரசிட்டுப் போயிருச்சு."

அடுத்து மச்சான் கோடரியை வீச, கரடி விழுந்தது.

"என்ன மாப்ள இது, கரடியா தலகாணியா? தொட்டதும் சாஞ்சிருச்சு!"

"நான் மருந்துப் பையே இன்னும் தொறக்கலைங்க" என்றார் டீச்சர்.

மனைவி சிரிக்கவில்லை. "இருபது விழுந்துச்சு" என்றாள் என்னிடம். "நான் பாத்தேன்."

மச்சான் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு சாப்பிடாமல் திரும்பத் தள்ளி வைத்தார்.

"நீ மறுபடி செத்துட்டா எழுந்து போயிருவியோன்னு..." என்றேன்.

"சாகுறதுக்கு எனக்கென்னங்க பயம்? அன்னைக்கு நான் ஏன் கிட்ட போனேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? அதோட வயிறு ஒட்டிப் போயிருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. பசியான்னு பாக்கப் போனேன். உங்க கரடி என்னைப் பாக்கவே இல்ல. அடிச்சுது."

வயிறு ஒட்டியிருந்ததாகச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. சும்மா சொல்லி வைத்த ஒரு வரி. அதைக் கேட்ட ஆள் அவள் ஒருத்திதான்.

பென்சிலை எடுத்து, கரடியின் தாளில் முப்பத்து நான்கை மறுபடி எழுதினேன். இரண்டாவது நகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கட்டிப்பிடிப்பதையும். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி சேர்த்தேன்: முதல் சுற்றில் கரடி அடிக்காது, இரண்டு காலில் எழுந்து நின்று, எதிரில் இருப்பவர்களைப் பார்க்கும்.

"குகை வாசல்லேர்ந்து மறுபடி ஆரம்பிக்கலாமா?" என்றேன். "இந்தத் தடவை கரடிக்கு எல்லாப் பலமும் இருக்கு. பகடையை வெளியிலேயே உருட்டுறேன்."

புத்தகத்தை மடக்கி வைத்தேன்.

கரடி எழுந்து நின்றது. மூக்கை உயர்த்தி மோந்தது. வில்லாளி வில்லைத் தரையில் வைத்துவிட்டு, பையிலிருந்த காய்ந்த மீனை எடுத்துத் தள்ளிப் போட்டாள். கரடி ஒரு காலை இறக்கியது. இரண்டாவது காலையும் இறக்கப் போன நேரத்தில்,

"நான் கோடரிய வீசுறேன்!" என்றார் மச்சான்.

"அண்ணே!"

"முப்பத்து நாலு புள்ளி உயிரோட நிக்குதும்மா, சும்மா விடச் சொல்றியா?"

கோடரி குறி தவறியது. கரடிக்குக் கோபம் வந்தது. பகடை எல்லோர் கண்முன்னாலும் உருண்டது. மச்சான் ஒரே சுற்றில் சுருண்டார். வில்லாளி அவரை இழுக்கப் போய் ஒரு நகத்தை வாங்கினாள். இன்னொன்று காதோரமாகப் போயிற்று. அவளுக்கு மீதி இரண்டு புள்ளி உயிர். டீச்சர் எழுந்து நின்றுகொண்டே வைத்தியத்துக்குப் பகடையை உருட்டினார்; மச்சானுக்கு உயிர் ஒட்டிக்கொண்டது.

"ஓடு! அவரைத் தூக்கிட்டு ஓடு!" என்று கத்தினார் டீச்சர்.

ஓடினார்கள். கரடி துரத்தவில்லை. மீனுக்குத் திரும்பியது.

மனைவி மூச்சு வாங்கினாள், நிஜமாகவே ஓடியவள் மாதிரி. பிறகு அண்ணன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அது ஒத்துக்கிட்டு இருந்துச்சுண்ணே! ஒரு கால் கீழ வந்துருச்சு! அடுத்த வாரம் நீ பின்னாடி நில்லு. வாயத் தொறந்த, நானே அம்பு விடுவேன்."

"பாத்தியா மாப்ள, கரடியே தேவல" என்றார் மச்சான், முதுகைத் தேய்த்துக்கொண்டு.

அவர்கள் கிளம்பிப் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. கரடியின் தாளைத் தன் பக்கம் திருப்பி, நான் சேர்த்த வரியைப் படித்தாள்.

"குகைக்குள்ள குட்டி ஏதும் இருக்கா?"

"இன்னும் முடிவு பண்ணலை" என்றேன். "இருக்கலாம்னு நெனச்சேன். ஆனா அப்படி வச்சா, அது உங்களை முதல்லயே பக்கத்துல விடக்கூடாது. அங்கதான் ஒரு சிக்கல்..."

நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள்.