காய்ந்த பாதங்களின் கூட்டம்

கீழமுனையில் கடல் ஊருக்குள் வந்திருக்கிறதா இல்லையா என்பதை மாதம் ஒருமுறை கை தூக்கித் தீர்மானிப்பார்கள். முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி, மீனவர் சங்கக் கட்டடத்தின் மாடி. பாதம் ஈரமாக இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது. தண்ணீரில் நிற்கிறவர் தண்ணீரைப் பற்றி நடுநிலையாகச் சொல்ல முடியாதல்லவா, அதனால் முதல் கூட்டத்திலேயே அப்படி ஒரு விதி வைத்துவிட்டார்கள்.

பாதம் பார்ப்பது ஜெசிந்தாவின் வேலை. பி.எஸ்சி. முடித்தவள், அதிகம் பேசாதவள், பொருத்தமாக இருப்பாள் என்று சங்கச் செயலர் பொன்னுலிங்கம் அவளை நியமித்திருந்தார். மாடி வாசலில் பழுப்புத் தாளை விரித்து வைப்பாள். வருகிறவர் அதில் ஒரு காலை ஊன்றி எடுக்க வேண்டும். தடம் பதிந்தால் சுவரோரப் பெஞ்சு, பதியாவிட்டால் நாற்காலி. யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஊரில் பாதிப் பேரை அவர்கள் கால்விரல்களை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தாள்.

முதல் வருடம் நாற்காலிகள் நூறுக்கு மேல் போட வேண்டியிருந்தது. கடல் வரவில்லை என்று ஒவ்வொரு மாதமும் தீர்மானமாயிற்று. ஒவ்வொரு மாதமும் சில நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டுப் பெஞ்சுகளை நீட்டினார்கள். பெஞ்சில் இருப்பவர்கள் பேசக் கூடாது. இருமலாம்.

ஜெசிந்தாவும் அவள் அம்மா சந்தியாகம்மாளும் குடியிருந்த சலேத் தெருவில் தண்ணீர் முழங்கால் வரை நின்றது. கடல் வந்திருக்கிறது என்று ஒருமுறை தீர்மானமானால் போதும், தெருக்காரர்களுக்கு மேட்டில் மனை கிடைக்கும். ஆகாதவரை அது வீட்டுக்காரர் சிந்திய தண்ணீர் என்றே பதிவாகும். துடைக்கச் சொல்லி இரண்டு தடவை நோட்டீஸ் வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் மனை கேட்கும் உரிமையே போய்விடும். சந்தியாகம்மாளும் தினமும் துடைத்தாள். ஜன்னல் வழியே வாளியில் அள்ளி ஊற்றுவாள். அது வாசல் வழியே திரும்பி வரும்.

இந்த மாதம் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். புதன்கிழமை காலையில் கட்டிலில் ஏறியவள் இறங்கவே இல்லை. பாதங்களைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு ஓலை விசிறியால் வீசிக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் குதிகால் வெடிப்புகள் வெள்ளையாகக் காய்ந்துவிட்டன. சனிக்கிழமை எதிர்வீட்டு ரொசாரியோவும் அவர் தம்பியும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

"அத்தை, கொஞ்சம் கனமாத்தான் இருக்க," என்றார் ரொசாரியோ.

"மூணு நாளா உக்காந்தே தின்னேன்லா. பேசாமத் தூக்குல."

ஜெசிந்தா பக்கத்தில் தண்ணீரை அளைந்தபடி நடந்தாள். "எம்மா, இன்னைக்கு நாற்காலி மூணுதான். ஆல்பர்ட் மாமா கடல் வரலைம்பாரு. இமெல்டா டீச்சர் வந்திருக்கும்பாங்க. உன் கைதான் மிச்சம்."

"தெரியும்ட்டி. எனக்குக் கை தூக்கத் தெரியாதா?"

மாடி வாசலில் சந்தியாகம்மாள் காலை ஊன்றி எடுத்தாள். தாளில் ஒன்றும் பதியவில்லை. ஜெசிந்தா குனிந்து இரண்டு முறை பார்த்தாள். அம்மாவின் பாதம் இவ்வளவு சுத்தமாக அவள் பார்த்ததில்லை.

ஆல்பர்ட் மூன்றாவது மாடியில் இருப்பவர். பால்கனிக்குப் பால்கனி பலகை போட்டு நடந்து வருவார். இமெல்டா டீச்சர் பள்ளிக்கூடத்தின் மேல்தளத்தில் தங்கியிருந்தார். பள்ளிச் சுவரில் அளவுக்கோடு வரைந்து பத்து வருடமாகக் குறித்து வந்த நோட்டை அவர் திறந்தார்.

"நோட்டெல்லாம் சரி டீச்சர்," என்றார் ஆல்பர்ட். "தண்ணிதான் ஏறுச்சுன்னு எப்படிச் சொல்லுதீங்க? செவுரு எறங்கியிருக்கலாம்லா?"

"செவுரு எதுக்கு எறங்குது?"

"வயசாச்சுல்ல. நானே ரெண்டு இஞ்சு எறங்கிட்டேன்."

பெஞ்சில் நாலைந்து பேர் இருமினார்கள். பொன்னுலிங்கம் மணியைத் தட்டி, வந்திருக்கிறது என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். டீச்சர் தூக்கினார். எல்லோரும் சந்தியாகம்மாளைப் பார்த்தார்கள். அவள் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலை மடியில் தூக்கி வைத்து உள்ளங்கையால் தடவினாள்.

"கால் காஞ்சிருக்கு," என்றாள். "காஞ்ச காலை வச்சுக்கிட்டுத் தண்ணி வந்திருக்குன்னு எப்படிச் சொல்ல? அது பொய்யாயிரும்லா."

அதில் நியாயம் இருந்தது. டீச்சர்கூடத் தலையசைத்தார். ஜெசிந்தா தாளைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்தாள். தாள் காய்ந்திருந்தது. தெருவில் ஓர் அலை திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டும் சரியாகவே இருந்தன.

கடல் வரவில்லை என்று பொன்னுலிங்கம் எழுதிக்கொண்டார். "அப்போ வீடெல்லாம் எப்படித் தண்ணிக்குள்ள இருக்கு? அதையும் எழுதிருங்க," என்றார் டீச்சர். ஆல்பர்ட் அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"கடல் இங்க வரலைன்னா, வீடுகதான் அங்க போயிருக்கணும்."

அது ஏகமனதாக நிறைவேறியது.

திரும்பி வரும்போது சந்தியாகம்மாளை யாரும் தூக்கவில்லை. தண்ணீரில் நடந்தே வந்தாள். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கேட்டாள், "எம்மேல கோவமாட்டி?"

"இல்லம்மா. புரியல."

"எனக்குந்தான். ஆனா காஞ்சிருந்துச்சே."

செவ்வாய்க்கிழமை சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஆட்களோடு கடலுக்குள் சென்றவை யாவும் படகுகள் என்றும், படகுகளுக்கு மனை ஒதுக்க விதியில்லை என்றும், முகப்பில் பெயரும் எண்ணும் எழுத வேண்டும் என்றும் இருந்தது. ஜெசிந்தா நீலப் பெயிண்டில் அம்மாவின் பெயரை எழுதினாள். எண் இருபத்தேழு கிடைத்தது.

வியாழக்கிழமை காலையில் பல் விளக்க வெளியே வந்தபோது எதிரே ரொசாரியோவின் வீடு இல்லை. மூன்று படிக்கட்டுகள் மட்டும் தண்ணீருக்குள் நின்றன. தூரத்தில் கிழக்கே, கடல் வானத்தைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவர் வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்ட சேலை ஒன்று சிவப்பாகத் தெரிந்தது.

சந்தியாகம்மாளும் வந்து பார்த்தாள். "மேலைக்காத்து எழும்பினதும் வீட்டைக் கெளப்பிட்டான். போறவன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாது?" என்றாள். பிறகு உள்ளே போய்க் கிழக்குக் கதவைச் சாத்தினாள். "மேக்கால ஜன்னல் ரெண்டையும் தெறந்து விடுட்டி. காத்து உள்ள வந்து நிக்கட்டும்."

ஜெசிந்தா திறந்தாள். காலண்டர் படபடத்தது. மேசைமேல் வைத்திருந்த டீ டம்ளர் மெதுவாக ஒரு பக்கமாக நகரத் தொடங்கியது. அவள் அதை எடுத்து இரண்டு வாய் குடித்துவிட்டு, பக்க ஜன்னலில் எட்டிப் பார்த்து, முன்னால் வேறு வீடு ஏதும் வருகிறதா என்று கவனித்துச் சொல்ல ஆரம்பித்தாள்.