இணைப்பு அவர் பெயரில்

தில்லைநாயகம் வீட்டில் இணையம் வேகமாக ஆக ஆக, அவருடைய மனைவி மரகதவல்லி மெதுவாக ஆகிக்கொண்டே வந்தாள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இணைப்பு அவர் பெயரில் இருந்தது.

கரண்டு, தண்ணீர், சிலிண்டர் எல்லாம் அவர் பெயரில் இருந்ததால் இதையும் அவர் பெயரிலேயே எடுத்தார்கள். குடும்பத் தலைவர் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது வேறு யார் பெயரில் எடுப்பது? யார் பெயர் கொடுக்கிறோமோ அவருக்கு மட்டும்தான் வேகம் வரும் என்று கம்பெனி சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் பெயரில்தான் எடுத்திருப்பார்கள்.

ஆரம்பத்தில் இருவரும் ஒரே வேகத்தில்தான் இருந்தார்கள். கோழியைக் கூடையில் அமுக்கியதுபோல் ஒரு சத்தம் போட்டுவிட்டு, டெலிபோன் லைன் வழியாக இணையம் வரும். மரகதவல்லியின் தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளையின் போட்டோவும் அப்படித்தான் வந்தது. மேலிருந்து கீழாக வந்தது. மாலைக் காபிக்கு முடி வந்தது. சாப்பாட்டுக்கு நெற்றி வந்தது. நெற்றி லட்சணமாக இருந்ததால் சம்மதம் சொல்லிவிட்டார்கள். தாடை வந்து சேர்ந்தபோது பத்திரிகை அடித்தாகிவிட்டது.

பிறகு தெருவின் கேபிள்காரர் அமிர்தராஜ் வந்தார். மொட்டை மாடிகளின் மேலாக, ஒரு முருங்கை மரத்தில் சுற்றி, வயர் இழுத்துக் கொடுத்தார். அதன் பிறகு வருஷா வருஷம் வந்தார்.

"அண்ணாச்சி, டபுள் ஸ்பீடு வந்திருக்கு. போட்டுவிடவா?"

"இப்ப இருக்கிறதே போதும்லவே."

"போதும்தான். எதிர்த்த வீட்டு சார் போட்டுட்டாங்க."

"போட்டுவிடும்."

முதல் வாரம் தில்லைநாயகம் புது வேகத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார். அடுத்த வாரம் பார்க்க மாட்டார். அதற்கடுத்த வாரம் போன் போட்டு, "என்னவே, லைன் செத்துக் கிடக்கு?" என்று கேட்பார். லைன் அப்படியேதான் இருக்கும். அவர்தான் அதைத் தாண்டிப் போயிருப்பார்.

இப்படித் தாண்டித் தாண்டி அவர் வெகுதூரம் போய்விட்டார். குளிக்கப் போகும்போதே தலையைத் துவட்டிக்கொண்டு போனார். செய்திகளைப் படித்துவிட்டு, இன்னும் நடக்கவில்லையே என்று குறைப்பட்டார். அடுப்பில் வைத்த பால் அவர் முன்னால் பொங்குவதை நிறுத்திவிட்டது. எட்டிப் பார்த்தால் நேற்றே பொங்கியிருக்கும்.

மரகதவல்லி பழைய வேகத்திலேயே எழுந்தாள், சமைத்தாள், துணி உலர்த்தினாள். அவர் கண்ணுக்கு அது நின்றுபோன படமாகத் தெரிந்தது. அடுக்களைக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்த ஹால் நீண்டுவிட்டது. காபி கொண்டுவரும் வழியில் உட்கார்ந்து இளைப்பாற அவள் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டாள். பேச வாயெடுத்தால், நெற்றியில் பொட்டு இருந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கும். சுற்றி முடிந்தால் ஒரு சொல் வரும்.

அவர் பேசுவது அவளுக்கு எப்படிக் கேட்டது என்றால், 'ங்ய்' என்று கேட்டது. ஒரு முழுப் பேச்சும் கொசு கடந்துபோகும் நேரத்தில் முடிந்துவிடும். அவள் காதுப்பக்கம் கையை வீசிவிட்டு வேலையைப் பார்ப்பாள். தான் சொன்னதை மனைவி தட்டுவதில்லை என்று அவர் வெளியே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

ஆடி பிறந்த அன்று மரகதவல்லி, "ஏங்க, நான்" என்றாள். வட்டம் சுற்றத் தொடங்கியது. காலடியில் ஒரு துணிப்பை இருந்தது. பை நிறைந்திருந்தது.

தில்லைநாயகம் உதவி செய்தார். எதிராளி ஒரு சொல் சொன்னதும் மிச்சத்துக்கு மூன்று யோசனை கொடுப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

"சிலிண்டர் தீந்துட்டா? தலைவலியா? ரேஷன் கடைக்கா?"

கொசு போனதாக நினைத்து அவள் கையை வீசினாள். ஒரு வாரம் கழிந்து, "தங்கச்சி வீட்டுக்கு" என்று வந்தது. மறுபடி வட்டம்.

அவர் பையைப் பார்த்தார். தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதாக இருக்கலாம். போய்விடுகிறேன் என்பதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே பைதான்.

கம்பெனியின் கிளை அலுவலகத்துக்குப் போனார். அது மாடியில் இருந்தது. படிகள் கீழே இறங்கிக்கொண்டிருந்ததால், அவர் நின்ற இடத்துக்கே மாடி வந்து சேர்ந்தது. டோக்கன் வாங்கினார். அவருடைய எண்ணை நேற்றே கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். ஆகவே நேராகக் கவுண்டருக்குப் போனார். சட்டையில் ஜெனோவா என்று பெயர் குத்தியிருந்த பெண் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க புகார் தீர்ந்துருச்சு சார்."

"நான் இன்னும் சொல்லவே இல்லையேம்மா."

"அதுக்குத்தான சார் இந்த பிளான்ல இருக்கீங்க."

"அதில்லம்மா. என் வீட்டுக்காரி ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா. பாதிதான் வந்திருக்கு. பக்கத்துல பை வேற இருக்கு. என்னை விட்டுப் போறாளா, போயிட்டு வராளான்னு தெரியணும்."

ஜெனோவா திரையைப் பார்த்தாள். "அவங்க விருந்தாளி கணக்குல இருக்காங்க சார்."

"என்ன விருந்தாளி? எங்க மக காலேஜே முடிச்சாச்சு."

"விருந்தாளிக்குக் காலவரம்பு கிடையாது. அவங்களுக்கு பாஸ்வேர்டு தெரியுமா?"

"கேட்டா நான் போட்டுக் கொடுப்பேன்."

"அதான் சார் விருந்தாளி."

தில்லைநாயகம் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் கணக்கில் அது நீண்ட நேரம். ஜெனோவா கண் சிமிட்டக்கூட இல்லை.

"அப்ப அவளையும் என் வேகத்துக்குக் கொண்டுவாங்க."

"அவங்களே நேர்ல வந்து கேக்கணும்."

"அவ வந்து கேட்டு முடிக்கிறதுக்குள்ள தீபாவளி வந்துரும்."

"அப்ப நீங்க இறங்குங்க சார். வீட்டுல இருக்குற டப்பாவிலேர்ந்து வயரைப் பிடுங்கினாப் போதும். அவங்க சொல்றது உங்களுக்குக் கேக்கும். நீங்க சொல்றதும் அவங்களுக்குக் கேக்கும்."

இறங்குவதா? எதிர்த்த வீட்டில் சிக்ஸருக்குக் கைதட்டி, கூவி, அடங்கிய பிறகு தன் வீட்டுத் திரையில் பந்து போடுகிறவன் ஓடி வருவான். தெருவில் எப்படித் தலை காட்டுவது?

"இறங்காம ஒண்ணும் இல்லையா?"

"மேல ஒரு பிளான் இருக்கு சார். எதிராளி முடிக்கிறதுக்கு முன்னாடியே உங்க பதில் போயிரும்."

"என்ன பதில்?"

"நீங்க வழக்கமா என்ன சொல்வீங்களோ அது."

இதைவிட வசதி என்ன இருக்க முடியும்? போட்டுக்கொண்டார்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது அமிர்தராஜ் உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தார்.

"புது டப்பா மாட்டியாச்சு அண்ணாச்சி. உங்க பதிலையும் அக்காகிட்ட சொல்லிட்டேன். புரியணும்னு நிறுத்தி நிதானமாச் சொன்னேன்."

"என்ன சொன்னீரு?"

"'சரி, உன் இஷ்டம்.' அதான எப்பவும் சொல்லுவீங்க."

"அவ என்ன கேட்டா?"

"அது இன்னும் வரலியே." அமிர்தராஜ் வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார்.

தில்லைநாயகம் ஹாலுக்குள் ஓடினார். மரகதவல்லி ஸ்டூலுக்குப் பக்கத்தில் பையோடு நின்றாள். நெற்றியில் வட்டம் சுற்றி நின்றது. மிச்சம் மொத்தமாக வந்து விழுந்தது.

"போய் அங்கயே இருந்துக்கலாம்னு பாக்குறேன். போகாதன்னு நீங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா, பையை உள்ள வெச்சுருவேன்."

"போகாத" என்றார்.

'ங்ய்' என்றது. அவள் காதுப்பக்கம் கையை வீசினாள்.

"போகாத, போகாத, போகாத மரகதம்."

அவள் இரண்டு கையாலும் வீசினாள். அமிர்தராஜ் கொண்டுவந்த பதிலைப் பத்திரமாக மனதில் வாங்கிக்கொண்டவள்போல் தலையை ஆட்டினாள். பையைத் தூக்கினாள். வாசலைப் பார்த்து முதல் அடியை எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

அவர் டப்பாவிடம் பாய்ந்து வயரைப் பிடித்தார். அப்போதுதான் டப்பாவின் சின்னத் திரை கண்ணில் பட்டது.

'புதிய வேகம் ஏறிக்கொண்டிருக்கிறது. வயரைப் பிடுங்க வேண்டாம். தொண்ணூற்றெட்டு சதவீதம்.'

அவர் திரும்பிப் பார்த்தார். ஹால் நீளமாகக் கிடந்தது. மரகதவல்லியின் பாதம் இன்னும் தரையைத் தொடவில்லை. நேரம் இருந்தது. இவ்வளவு ஏறிய பிறகு பாதியில் பிடுங்கினால் முதலிலிருந்து ஏற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஏறி முடியட்டும். முடிந்த மறுகணம் பிடுங்கிவிடலாம்.

தொண்ணூற்றொன்பது.

மரகதவல்லி ஹாலின் நடுவுக்கு வந்துவிட்டாள். அவளுடைய வேகம் அவருக்குத் தெரியாததா? விரல்களை இறுக்கிக்கொண்டார்.

தொண்ணூற்றொன்பது.

ஒரு செருப்பு போட்டாகிவிட்டது. இன்னொரு செருப்பு இருந்தது. அவள் குனிந்து அதன் வாரைச் சரிசெய்தாள்.

தொண்ணூற்றொன்பது. இன்னும் ஒன்றுதானே என்று நின்றார்.

வெளியே கேட்டின் கொக்கியைத் தூக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதைத் திரும்பப் போடும் சத்தம் கேட்டது. தில்லைநாயகம் வயரைப் பிடித்தபடியே திரையைத் துண்டால் துடைத்துவிட்டு, மறுபடி பார்த்தார்.