சங்கத்து அட்டை

காவல் நிலையத்தில் காலை வேலை அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. எழுத்தர் நல்ல மனுஷன். எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். வீங்கிய முகத்தையும், துணியில் கட்டித் தொங்கவிட்ட வலது கையையும் பார்த்ததும் அவரே எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "மெதுவா சொல்லும்மா. இப்படி அடிச்சவனை விடவே கூடாது," என்று சொல்லி, புகாரை முக்கால் பக்கம் எழுதியும் விட்டார்.

பக்கத்தில் மைக்கக்கா இருந்தாள். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் தொண்டை, அதனால் அந்தப் பெயர். பதினோரு வருஷம் பாலியல் தொழிலில் இருந்தவள், இப்போது அந்தப் பெண்களுக்காகவே சங்கம் நடத்துகிறாள். ஆளுக்கொரு போட்டோ ஒட்டிய அட்டை கொடுத்ததும் அவள்தான். "எங்க போனாலும் தைரியமா எடுத்துக் காட்டுங்கடி!" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"அடையாள அட்டை ஏதாவது இருக்காம்மா?" என்றார் எழுத்தர்.

அந்தப் பெண் இடது கையால் சங்கத்து அட்டையை எடுத்து நீட்டினாள். அக்காவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எழுத்தர் வாசித்தார். முகம் சுண்டிப்போனது. எழுதின தாளைச் சரக்கென்று இரண்டாகக் கிழித்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்னடி? உங்க தொழில்ல இதெல்லாம் சகஜம். எழுந்து போ!"

அடக் கடவுளே! அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தண்ணீர் கொடுத்த அதே கை! அவளுக்குத் தொண்டையில் வெறும் காற்றுதான் வந்தது. படுபாவி நான், நானே அட்டை கொடுத்து இவளை மாட்டிவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அடிச்சவன் நாளைக்கும் வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்க்கா," என்று அந்தப் பெண் அழுதாள். "இந்தத் தடவை என்னை உயிரோட விடமாட்டான்."

அதைக் கேட்டதும்தான் அக்காவுக்குக் குரல் திரும்பியது. கிழிந்த இரண்டு துண்டையும் மேஜையில் சேர்த்து வைத்தாள். "சார், இதுல எந்த வரி பொய்? காட்டுங்க, போயிடறோம்."

எழுத்தர் குனிந்து பார்த்தார். எல்லாம் அவர் கையெழுத்துதான். பொய் ஒன்றும் அகப்படவில்லை. "அதில்லம்மா... இவ என்ன தொழில்னு..."

"அடிச்சவன் என்ன தொழில்னு கேட்டீங்களா?"

 எழுத்தருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"எழுதுங்க சார்," என்றாள் அக்கா. "ஆனா ஒண்ணு. இவ யாருன்னு தெரியாதவரைக்கும் உங்களுக்கு இரக்கம் இருந்துச்சு. ஆளைப் பார்த்து வர்றதுக்குப் பேரு இரக்கம் இல்லை. யார் கையை உடைச்சாலும் வலி ஒண்ணுதான், சட்டமும் ஒண்ணுதான்."