யாருக்கு என்று கேட்காதவள்

தேவராஜ மார்க்கெட்டில் பூ விற்கும் பஞ்சவர்ணம் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள். பூ யாருக்கு என்று கேட்கக் கூடாது. சாமிக்கா, சம்சாரத்துக்கா, சம்சாரத்துக்குத் தெரியாத இன்னொருத்திக்கா, அது வாங்குகிறவன் பாடு. மைசூரில் பூவுக்கு முழக்கணக்கு கிடையாது, இரண்டு கையையும் விரித்து மாருக்கணக்கில் அளக்க வேண்டும். அளந்து, வாழையிலையில் சுருட்டிக் கொடுத்தால் அவள் வேலை முடிந்தது. ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒருத்திக்கு இத்தனை வாடிக்கை சேர்ந்ததற்கு இந்தச் சட்டம்தான் காரணம்.

அன்று காலை முனிராஜ் வந்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் பூ வாங்கிப் போகிறவன், மரியாதையான பையன். அன்று சிநேகிதர்களோடு வந்து மூன்று மாரு மல்லிகை கேட்டான். கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். கல்யாண வயசுப் பிள்ளைகள், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று பஞ்சவர்ணம் கொசுறாக ஒரு சாண் சேர்த்தே கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் மதனுக்கு ஆட்டம். மதன் அவளுக்கு ஒரே மகன். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அந்தத் தொழிற்சாலைக் கபடி அணியில் முதல் ரெய்டர். இத்தனை வருஷம் ஆடுகிறான், ஒரு தடவைகூட அவளை மைதானத்துப் பக்கம் வரவிட்டதில்லை. கூட்டம் ஒரு மாதிரி இருக்கும், நீ வராதே என்பான். பக்கத்தில் வெற்றிலைக் கடை போட்டிருந்த ரங்கம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. பெற்றவள் பார்க்காத ஆட்டம் என்ன ஆட்டம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் கேலரியில் நடு வரிசையில் உட்கார வைத்துவிட்டாள்.

முன்னால் முதுகுகள், பின்னால் முழங்கால்கள். ஒருமுறை உட்கார்ந்தால் ஆட்டம் முடியாமல் எழுந்து போக முடியாது. கண்ணாடியை வேறு வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். நீலச் சட்டைக்காரர்கள் எல்லோரும் ஒன்றுபோலத்தான் தெரிந்தார்கள். அவர்களில் யார் மதன் என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோது, பின் வரிசையிலிருந்து ஒரு மல்லிகைச் சரம் பறந்துபோய், கேலரிக்குப் பக்கத்திலேயே முதுகு காட்டி நின்ற ஒருவன் தோளில் விழுந்தது.

"ஹூ முட்கொள்ளே!"

பூ வச்சுக்கோடி என்று கன்னடத்தில் கேலி. கேலரி முழுக்கச் சிரித்தது. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவனும் சிரித்தான். ரங்கம்மா சிரித்தாள். ஒரு ஆம்பளை தோளில் பூச்சரம் தொங்கினால் சிரிப்பு வராதா? பஞ்சவர்ணமும் வாய்விட்டுச் சிரித்தாள்.

தோளில் பூ விழுந்தவன் திரும்பினான். மதன்.

அவன் கண் நேராக அவள் மேல்தான் வந்து நின்றது. சிரிப்பை விழுங்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. சரத்தை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு அவன் ஆட்டத்துக்குப் போய்விட்டான். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது பஞ்சவர்ணத்துக்கு. பிளக்கவில்லை. அந்தக் கட்டு அவள் கட்டு, அந்தப் பூ அவள் பூ.

மதனைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. கூட்டத்துக்கு அதெல்லாம் தேவையும் இல்லை. மதன் ரெய்டு போகும்போதெல்லாம் முத்தம் கொடுக்கிற சத்தம் எழுப்பினார்கள். உன் புருஷன் யாருடி, அவன் பேர் என்னடி என்று கன்னடத்திலும் தமிழிலும் கத்தினார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். காது இருக்கிறவர் செய்கிற வேலையா அது?

ரங்கம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் தொடையை அழுத்தினாள். "சும்னே இரு அக்கா. நீ யாருன்னு தெரிஞ்சா இன்னும் ஜாஸ்தி பண்ணுவாங்க."

ரங்கம்மா சொன்னது நியாயம்தான் என்று பட்டது. அப்படிப் பட்டதுதான் அவளுக்கு வலித்தது.

அவளுக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்குப் பேசி வந்த இரண்டு பெண்களையும் மதன் வேண்டாம் என்றான். ராத்திரியில் போனில் பேசும்போது அவன் குரல் குழைவதை அவள் கேட்டிருக்கிறாள். பைக்கில் அவனைக் கொண்டுவந்து விடுகிற ஒரு பையன் தெருமுனையோடு திரும்பிவிடுவான், வீட்டுக்கு வந்ததே இல்லை. யாரென்று அவள் கேட்டதும் இல்லை. கடைச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அதற்குப் பெருந்தன்மை என்று பேரும் வைத்திருந்தாள். பயம் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ரெய்டில் மதன் பிடிபட்டான். அவுட்டானவர்கள் உட்காரும் இடம் கேலரியின் காலடியிலேயே இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தான். கண்ணாடி இல்லாமலே அவன் பிடரியில் வேர்வை வழிவதுகூட அவளுக்குத் தெரிந்தது. பின்னாலிருந்து அடுத்த சரம் பறந்தது.

பஞ்சவர்ணம் திரும்பினாள். கையில் மிச்சப் பூவோடு முனிராஜ்.

"அது என்ற பையன்."

அவன் முகம் செத்துவிட்டது. "ஐயோ ஆன்ட்டி, கொத்தாகலில்ல. சத்தியமாத் தெரியாது." பக்கத்தில் இருந்தவர்களைக் கையமர்த்தினான். மரியாதையான பையன்தானே. பிறகு, உதவி செய்கிற நினைப்பில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்.

"உங்க பையன் அந்த மாதிரி இல்லதானே, ஆன்ட்டி? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நிறுத்திடறோம்."

வரிசை முழுக்க அடங்கி அவள் வாயைப் பார்த்தது. கீழே மதனின் தோள்கள் இறுகின. அவன் திரும்பவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தான். இல்லை என்றால் கூட்டம் வாயை மூடும். ஆனால் பெற்றவளே தன்னை இல்லை என்று சொன்னதை அவன் சாகிற வரைக்கும் மறக்க மாட்டான். ஆமாம் என்று சொல்ல அவளுக்கு என்ன பாத்தியதை? அது அவன் சொல்ல வேண்டியது. ரங்கம்மா, சொல்லிடு, சொல்லிடு என்று இடித்தாள்.

"காலைல என்றகிட்ட பூ வாங்கினியே," என்றாள் பஞ்சவர்ணம். "யாருக்குன்னு நான் கேட்டனா?"

முனிராஜ் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தான். அந்த வரிசையில் அப்புறம் சத்தமில்லை. ஆனால் எதிர்க் கேலரிக்கு இதெல்லாம் தெரியுமா? அங்கே அதே கூச்சல் எழுந்தது. அது பரவி வந்து, அவளுக்குப் பின்னால் மேல் வரிசைகளையும் பிடித்துக்கொண்டது.

அவள் எழுந்து நின்றாள். என்ன செய்வதாக உத்தேசம் என்று அவளுக்கே தெரியாது. உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பின்னால் இருந்தவர்களுக்கு ஆட்டம் மறைந்தது. உக்காரும்மா என்றார்கள். உட்காரவில்லை. கிழவி, மரம் மாதிரி நிக்காதே என்றார்கள். வேர்க்கடலைத் தோல் முதுகில் வந்து விழுந்தது. மதனைப் பிடித்த வாயெல்லாம் இப்போது அவளைப் பிடித்துக்கொண்டது. ரங்கம்மா புடவையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆட்டம் முடிகிற வரைக்கும் பஞ்சவர்ணம் நின்றுகொண்டே இருந்தாள். மதனின் அணி தோற்றது.

மைதானத்து வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் வந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தார்கள். அங்கேயும் கூட்டம்.

"சிரிச்சியேம்மா," என்றான்.

"சிரிச்சேன். பூவும் நான் வித்ததுதான்."

"தெரியும். உன் கட்டு எனக்குத் தெரியாதா?" பையைத் தோள் மாற்றி மாட்டிக்கொண்டான். "இல்லன்னே சொல்லியிருக்கலாம். விட்டிருப்பாங்க."

"அவங்களுக்கு நான் எதுக்குடா பதில் சொல்லோணும்?"

பஸ் வந்தது, அவன் ஏறாமல் நின்றான். அவளும் ஏறவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"தெருமுனையில உன்னை விட்டுட்டுப் போறானே, அந்தப் பையன் பேரு என்ன?"

மதன் திரும்பி அவளைப் பார்த்தான். அன்று சாயங்காலம் முழுக்க மைதானமே கேட்ட கேள்விதான் அது. அவள் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று தேடினான். வெகுநேரம் தேடினான்.

"சென்னப்பன்," என்றான், உதட்டுக்குள்ளேயே.

பஸ் இரைச்சலில் அவளுக்குக் காதில் விழவில்லை. பக்கத்தில் ஆள்கள் நின்றார்கள். நின்றால் நிற்கட்டும்.

"இன்னொருக்கா சொல்லு," என்றாள். "சத்தமாச் சொல்லு."