பட்டாணி சட்டையைத் தூக்கினது

எல்லாருக்கும் வணக்கம். எப்படி இருக்கீங்க? முட்டி வலிக்காரங்க, சர்க்கரைக்காரங்க, தூக்கம் வராம புரள்றவங்க எல்லாரும் சௌக்கியம்தானே? குழந்தைங்க நல்லாருக்காங்களா? ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கற அம்மாமாருங்களே, நேரத்துக்குச் சாப்பிடுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். கண்ணாடி மாத்தியாச்சு, அதனால எழுத்துப் பிழைக்கு இனிமே கண்ணு மேல பழி போட முடியாது.

இதயத்துல கோளாறோட பிறந்த குழந்தைங்களை வளர்க்கறவங்கதான் இந்த குரூப்புல எல்லாரும். அந்தத் தைரியத்துலதான் எழுதறேன். வேற யாருகிட்டயும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரலை.

எங்க பேரனை நாங்க பட்டாணின்னு கூப்பிடுவோம். பிறந்தப்போ அவ்ளோதான் இருந்தான். இப்போ ரெண்டே முக்கால் வயசு. அவன் இதயத்துல ஒரு ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போற வழி வேற குறுகலா இருந்துச்சு. அழுதா போச்சு, உதடு, நகம் எல்லாம் நீலமாயிடும். உடனே முட்டி ரெண்டையும் மடக்கி நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கணும்னு டாக்டர் சொல்லிக் குடுத்திருந்தாங்க. அவங்க அம்மா, அதாவது என் மக, பல் டாக்டர்கிட்ட உதவியா வேலை பாக்கறா. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ரெண்டு பேரும் வெளிய போயிட்டா நானும் அவனும்தான். ரெண்டு தடவை தனியா அவனை அப்படி அணைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்தப் பத்து நிமிஷத்தை உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

பத்து மாசத்துல ஆபரேஷன் ஆச்சு. நல்லபடியா ஆச்சு. கழுத்துக்குழிக்குக் கீழேர்ந்து நெஞ்சு நடுவுல நேரா ஒரு தழும்பு. "இனிமே இவனும் மத்தக் குழந்தை மாதிரிதான். அழுதா அழட்டும், ஓடினா ஓடட்டும்"னு டாக்டரம்மா சொன்னாங்க. மக கேட்டுக்கிட்டா. மாப்பிள்ளை கேட்டுக்கிட்டார். எனக்கு மட்டும் காது அடைச்சுக்கிச்சு.

ஒரு விஷயம் சொல்லணும். நான் ஒரு ஆபீஸ்ல இருபத்தெட்டு வருஷம் விண்ணப்பம் வாங்கற கவுண்டர்ல உக்காந்தவ. "வரிசையில வாங்க, வரிசையில வாங்க"ன்னு கத்திக் கத்தியே தொண்டை கட்டினவ. குறுக்க நுழையறவங்களைக் கண்டா எனக்கு ஆகாது. ஒருத்தர் கல்யாணப் பத்திரிகையைக் காட்டிக்கிட்டே முன்னாடி வந்தார். "மாப்பிள்ளையே வந்தாலும் வரிசைதான்"னு திருப்பி அனுப்பினேன். அப்பேர்ப்பட்டவ செஞ்ச காரியத்தைக் கேளுங்க.

போன வருஷம் ஒரு நாள் பஸ்ல நின்னுக்கிட்டிருக்கேன், இடுப்புல பட்டாணி. ஒருத்தரும் எழுந்திருக்கலை. அவன் சட்டைப் பித்தான் கழண்டிருந்துச்சு, போட்டு விடலாம்னு சட்டையை இழுத்தேன். தழும்பு தெரிஞ்சுடுச்சு. பக்கத்து சீட்டுக்காரர் தூக்கிவாரிப் போட்ட மாதிரி எழுந்தார்.

"உக்காருங்கம்மா, உக்காருங்க. ஐயோ, இவ்ளோ சின்னப் புள்ளைக்கா?"

உக்காந்தேன். நாலு பேர் திரும்பிப் பாத்தாங்க. ஒரு அம்மா என் தோளைத் தொட்டு, "உங்களை மாதிரி பாட்டி கிடைக்க அவன் குடுத்து வெச்சிருக்கணும்"னாங்க. அந்த வார்த்தை எனக்கு எப்படி இனிச்சுதுன்னு சொன்னா வெக்கக்கேடு. வேலையை விட்டு வந்ததுலேர்ந்து என் முன்னாடி யாரும் வந்து நின்னதில்லை. என்னை யாரும் நிமிர்ந்து பாத்ததில்லை. அன்னிக்குப் பாத்தாங்க.

அடுத்த தடவை பித்தான் தானா கழண்டுக்கலை. நான்தான் கழட்டினேன்.

அப்புறம் மருந்துக் கடை, பேங்க், காய்கறிக் கடை, தண்ணி வரலைன்னு புகார் குடுக்கப் போன இடம், எல்லா இடத்துலயும் வரிசை நீளமா இருந்தா பட்டாணிக்கு எப்படியோ புழுங்கிடும், சட்டையை மேல ஏத்திடுவேன். "பெரியவங்க முன்னாடி வாங்க"ன்னு வழி விட்டுடுவாங்க. யாரும் என்னைக் கேக்கலை, நானும் பொய் சொல்லலை. வாயைத் திறந்தாதானே பொய்?

குழந்தை சும்மா இருப்பானா? ஒரு நாள் பேக்கரியில நான் ரொட்டி வாங்கிட்டிருக்கேன். இவன் அந்தக் கடைக்காரப் பொண்ணு எதிர்ல போய் நின்னான். ரெண்டு கையாலயும் சட்டையைத் தூக்கினான், ஓரத்தை மோவாய்க்கு அடியில செருகிக்கிட்டான், அப்போதானே கை ரெண்டும் காலியா இருக்கும்! ஒரு கையை நீட்டினான். அந்தப் பொண்ணு உருகிப் போய் கேக்கு துண்டு குடுத்துச்சு. நான் சிரிச்சேன். "கெட்டிக்காரப் பய"ன்னேன். வீட்டுல மட்டும் சொல்லலை. சொல்லக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கு பாருங்க, அப்போ அது தப்புன்னும் தெரிஞ்சிருக்கு.

இதுக்கு நடுவுல மக ஒரு பேச்சை எடுத்தா.

"அம்மா, இந்தத் தடவை செக்கப்புல டாக்டர் சரின்னுட்டா இவனை பிளே ஸ்கூல்ல போட்டுடலாம்மா. தெருக்கோடியிலதானே இருக்கு."

"அங்க யாருடி பாத்துக்குவா? அழுதா என்ன பண்ணுவாங்க?"

"நாலு பிள்ளைங்களோட விளையாடட்டும்மா. அவன் அழமாட்டான், நீ அழாம இருந்தா போதும்."

மாப்பிள்ளை தட்டைத் தள்ளி வெச்சுட்டுச் சிரிக்கறார். "அத்தை, இவன் மாடிப்படி ஏறற வேகத்தைப் பாத்தா இந்தக் கட்டடத்துல லிஃப்டே வேண்டாம்னுடுவாங்க. என் பொழப்புல மண்ணைப் போட்டுடுவான்."

அவங்க சிரிச்சாங்க. எனக்குச் சோறு இறங்கலை. அவன் ஸ்கூலுக்குப் போயிட்டா காலையில ஒன்பதுலேர்ந்து நான் யாரு? அந்த வீட்டுல எனக்கு என்ன வேலை? செக்கப்புக்கு நாலு நாள் முன்னாடி, குளிச்சிட்டு நிக்கறப்போ மனசுல ஒண்ணு வந்துச்சு. பரிசோதனையில சின்னதா, ரொம்பச் சின்னதா ஒரு குறை தெரிஞ்சா நல்லாருக்குமேன்னு. இன்னும் ஆறு மாசம் வீட்டுலயே வெச்சுக்கோங்கன்னு டாக்டர் சொல்ற அளவுக்கு மட்டும். சொந்தப் பேரன் நெஞ்சுக்கு நான் வேண்டிக்கிட்டது இது. டைப் பண்றப்பவே கை கூசுது.

குறை தெரியலைன்னா என்ன பண்றதுன்னும் யோசிச்சு வெச்சுட்டேன். "மாடி ஏறினா களைச்சுப் போறான் டாக்டர்"னு ஒரு வரி. பகல் பூரா பாத்துக்கறவ சொன்னா நம்பித்தானே ஆகணும்?

அன்னிக்கு ஆஸ்பத்திரியில சரியான கூட்டம். எங்க டோக்கன் முப்பத்தொண்ணு, சுவத்துத் திரையில பதினேழு ஓடிக்கிட்டிருக்கு. பழைய ஃபைலை எடுத்துட்டு வரேன்னு மக கீழ்த் தளத்துக்குப் போனா. "இவனைப் பிடிச்சுக்கோம்மா, கால் மணியில வந்துடறேன்."

அவ தலை மறைஞ்சதும் எனக்குக் கை அரிச்சுது. கதவுகிட்ட பேர் கூப்பிடற நர்ஸ்கிட்ட போனேன். பழக்க தோஷம், சட்டையைத் தூக்கினேன். "ஆபரேஷன் ஆன குழந்தைம்மா, ரொம்ப நேரம் உக்கார மாட்டான்..."

அந்தப் பொண்ணு நிமிர்ந்துகூடப் பாக்கலை. "பாட்டி, இங்க உக்காந்திருக்கற எல்லாக் குழந்தைக்கும் சட்டைக்குள்ள அதான் இருக்கு. போய் உக்காருங்க."

பின்னாடி யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. முகம் சுண்டிப் போச்சு எனக்கு. திரும்பி வந்து உக்காந்தேன்.

பக்கத்து நாற்காலியில ஒரு சின்னப் பொண்ணு, இருபத்திரெண்டு வயசு இருந்தா ஜாஸ்தி. மடியில வெளிர் பச்சை ஃபிராக் போட்ட ஆறு மாசக் குழந்தை தூங்குது. உதட்டுல அந்த நீலம். அவ பை ஓரத்துல ஒரு பிஸ்கட் பாக்கெட் எட்டிப் பாத்துச்சு. நான் கவனிக்கறதுக்குள்ள பட்டாணி கவனிச்சுட்டான். என் மடியிலேர்ந்து வழுக்கி இறங்கி அவ எதிர்ல போய் நின்னான். சட்டையைத் தூக்கினான். மோவாயில செருகினான். கையை நீட்டினான்.

அவ பிஸ்கட்டை எடுக்கலை. அந்தத் தழும்பையே பாத்தா, மேலேர்ந்து கீழ வரைக்கும்.

"இவ்ளோ நீளமா வெட்டுவாங்களாம்மா?" என்னைத்தான் கேட்டா. "இவளுக்கு அடுத்த வியாழக்கிழமை."

சொல்லிட்டு, தூங்கற குழந்தை நெஞ்சு மேல, ஃபிராக்குக்கு மேலாப்புல, ரெண்டு விரலை வெச்சு அளந்து பாத்தா. "இவ நெஞ்சே இவ்ளோதானே இருக்கு..."

எனக்குத் தெரியாத பதிலா? ஆறிடும்மா, பாரு இவன் எப்படி நிக்கறான்னு ஒரு வார்த்தை சொன்னா போதுமே. வரலை. ஒரு வருஷமா எல்லாரும் பயப்படட்டும்னுதானே அந்தத் தழும்பைக் காட்டிக்கிட்டிருந்தேன்? பயந்தவளைப் பாத்து என்னன்னு சொல்றது? அவ சத்தமே இல்லாம அழறா. இவன் இன்னும் கையை நீட்டிக்கிட்டு நிக்கறான்.

"என்னடா பண்றே?"

மக. ஃபைலோட பின்னாடி நிக்கறா.

"பிக்கெட்."

"சட்டையை ஏன் தூக்கினே?"

அவன் அவளை ஒண்ணும் தெரியாதவளைப் பாக்கற மாதிரி பாத்தான். "காட்டினா குடுப்பாங்கம்மா."

"யாரு சொன்னா?"

"பாத்தி காட்டும்."

மக என்னைத் திட்டலை. அவன் சட்டையை இறக்கி விட்டா. அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. "இங்க பாருங்க, இவனுக்குப் பத்து மாசத்துல பண்ணாங்க. ரெண்டாவது நாளே என் விரலைப் பிடிச்சுக் கடிச்சான். தழும்பு மெல்ல மெல்ல மங்கிடும். இப்போ இவன் பின்னாடி ஓட எங்களால முடியலை." நான் சொல்லியிருக்க வேண்டியது ஒண்ணு விடாம அவ சொன்னா. எங்க நம்பர் வர்ற வரைக்கும் அந்தக் கையை விடலை. நான் பட்டாணியைப் பிடிச்சுக்கிட்டு எதிர்ச் சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தையெல்லாம் பாத்துட்டு, "நல்லாருக்கு. வால்வுல லேசாக் கசிவு இருக்கு, இந்த ஆபரேஷனுக்கு அது எதிர்பாத்ததுதான்"னாங்க. "ஓடினா மூச்சு வாங்குதா? சீக்கிரம் களைச்சுப் போறானா?"

மக என் பக்கம் திரும்பினா. "பகல் பூரா அம்மாதான் பாத்துக்கறாங்க டாக்டர். நீயே சொல்லும்மா."

கொஞ்ச நேரம் முன்னாடிதான் என் லட்சணத்தைப் பாத்தவ. அப்படியும் என்னைத்தான் சொல்லச் சொன்னா. என்கிட்ட அந்த வரி தயாரா இருந்துச்சு, நாக்கு நுனியிலயே இருந்துச்சு.

"நாலு மாடி ஒரே மூச்சுல ஏறறான் டாக்டர். எனக்குத்தான் மூச்சு வாங்குது. அவனுக்கு ஒண்ணுமில்லை."

"அப்போ ஸ்கூல் போகட்டும். அடுத்த வருஷம் வந்து காட்டினா போதும்."

அவ்ளோதான், முடிஞ்சுது. வெளிய வந்தப்போ பச்சை ஃபிராக் குழந்தையை உள்ள கூப்பிட்டுட்டாங்க. காத்திருந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேக்கலை, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னேன்.

பஸ்ல இடமில்லை. பட்டாணி கை தானா சட்டை ஓரத்துக்குப் போச்சு. மக அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"நிப்போம்டா." அப்புறம் என்னைப் பாக்காமலே கேட்டா. "எத்தனை தடவைம்மா?"

"எண்ணலைடி."

"எப்பேர்ந்து?"

"ஒரு வருஷமா."

ரெண்டு ஸ்டாப்பு தாண்டினப்புறம் அவ சொன்னா. "அது என்னம்மா தழும்புன்னு ஒரு நாள் கேப்பான். அதுக்கு நல்ல பதிலா ஒண்ணு யோசிச்சு வெச்சிருந்தேம்மா. அதுக்குள்ள நீ ஒரு பதில் சொல்லிக் குடுத்துட்டே."

அவ கத்தியிருந்தா நானும் பதிலுக்கு நாலு கத்தியிருப்பேன். அவ கத்தலையே.

இப்போ ஸ்கூல் போறான். சேத்த அன்னிக்கே, "டீச்சர்கிட்ட நீயே சொல்லிடும்மா"ன்னு என்னை அனுப்பினா. போய் நின்னேன். இந்தப் பிள்ளை சட்டையைத் தூக்கிக் காட்டிப் பொம்மை கேப்பான், கத்துக் குடுத்தது நான்தான்னு சொன்னேன். அந்த டீச்சருக்கு என் மக வயசுகூட இருக்காது. "சட்டையை இறக்கி விட்டுட்டு, வாயால கேளுன்னு சொல்றோம் பாட்டி. நீங்களும் வீட்டுல அதையே சொல்லுங்க"ன்னாங்க. இன்னிக்குப் பதினோராம் நாள். நேத்து ரெண்டு தடவை தூக்கினான். மத்தியானம் அவனைக் கூட்டிட்டு வர்ற வேலையை மட்டும் மக என்கிட்ட விட்டிருக்கா. வழியில அந்த பேக்கரியைத் தாண்டித்தான் வரணும்.

அந்த வியாழக்கிழமையும் வந்து போச்சு. பச்சை ஃபிராக் குழந்தை எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு பேர்கூட நான் கேட்டுக்கலை. ஒருவேளை அவ இங்க இருந்து இதைப் படிச்சா, ஒரு வரி எழுதும்மா. என்னைத் திட்டி எழுதினாலும் சரி. மத்தவங்களும் எழுதுங்க. உங்க வீட்டுக் குழந்தையோட தழும்பைப் பத்தி ஊருக்கு என்ன சொல்றீங்க, குழந்தைகிட்ட என்ன சொல்றீங்க, என்னை மாதிரி தப்பா சொல்லிக் குடுத்துட்டுத் திருத்தினவங்க யாராவது இருக்கீங்களா, எத்தனை நாள் ஆச்சு, எல்லாம் எழுதுங்க. மக வேலையிலேர்ந்து வந்ததும் அவளுக்குப் படிச்சுக் காட்டறேன். இப்போதைக்கு நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேச வேற வழி தெரியலை.